உவர்மண் செங்கல்லும் ஒற்றைச் செடியும்

போன மாதம் நான் வேலை பார்த்த தோட்டத்துக்குப் போயிருந்தேன். இப்போது அங்கே ஆர்க்கிட் செடிகள் எல்லாம் பிளாஸ்டிக் தொட்டியில், தேங்காய்மட்டைத் துண்டுகளுக்குள் நிற்கின்றன. கன்றுகள் கண்ணாடிப் புட்டிகளில் நூற்றுக்கணக்கில் வந்து இறங்குகின்றன. வேலை செய்யும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "புட்டியும் இல்லாம, மட்டையும் இல்லாம, இந்த வெயில்ல எப்படிம்மா வளத்தீங்க?" என்று கேட்டார்கள். நின்ற இடத்திலேயே கொஞ்சம் சொன்னேன். வீடு வந்து சேர்வதற்குள், சொல்லாமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் செடி வேலைக்கென்று போனவள் இல்லை. காளவாசல் பக்கத்தில் செங்கல் சூளையில் சித்தாள். பேரையூரில் மழை பொய்த்து, நிலத்தில் ஒன்றும் விளையாமல் போன வருஷம், கல்யாணமான கையோடு நானும் என் வீட்டுக்காரரும் மதுரைக்கு வந்தோம். அவர் சூளையில் நெருப்புப் பார்ப்பார். நான் கல் சுமப்பேன். ஒரு நாள் காலையில் மேஸ்திரி "பேச்சி" என்று என்னைக் கூப்பிட்டு, திருப்பரங்குன்றம் சாலையில் ஒரு தோட்டத்துக்கு ஒரு வண்டி உடைசல் கல் போகிறது, கூடப் போய் இறக்கிவிட்டு வா என்றார்.

தோட்டத்துக்காரர் பெயர் கோவிந்தராம். தலைமுறை தலைமுறையாக மதுரையில் சாயத் தொழில் செய்த சௌராஷ்டிரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் சாயத்தொட்டியைப் பார்த்துக்கொள்ள, இவர் மட்டும் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு வந்து, கீற்றுப் பந்தல் போட்டு, தொட்டியில் மண்ணுக்குப் பதில் செங்கல் துண்டு நிரப்பி ஆர்க்கிட் வளர்த்தார். பங்களாக்களுக்குச் செடியும் பூவும் விற்பார். அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

வண்டி நின்றதும் அவரே வந்தார். ஒரு கல் துண்டை எடுத்து இன்னொன்றில் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்டார். கிணீரென்றது. தலையை ஆட்டிவிட்டு, "இறக்கு" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மொதலாளி, சத்தம் மட்டும் பாத்தா பத்தாது. நாக்குல வச்சுப் பாருங்க" என்றேன்.

"எதுக்கு?"

"இதுல பாதி உவர்மண் கல்லு. நல்லாத்தான் வெந்திருக்கும், நல்லாத்தான் கேக்கும். ஆனா ஒரு மழை பட்டா உப்புப் பூத்துரும். சூளையில இருக்கிறவளுக்குத் தெரியாதா?"

வெள்ளை வேட்டி கட்டிய அந்த மனிதர் நடுச்சாலையில் நின்று செங்கல்லை நக்கிப் பார்த்தார். பந்தல் வாசலில் நின்ற தோட்டக்காரர் முத்தையா, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கோவிந்தராம் சிரிக்கவில்லை. இன்னொரு கல்லை எடுத்தார். அதையும் நக்கினார். மூன்றாவது கல்லில் அவர் முகம் மாறியது.

"ரெண்டு வருஷமா வேர் நுனியெல்லாம் கருகிப் போகுது. தண்ணியில உப்புன்னு நெனச்சுத் தண்ணியவே வஞ்சுக்கிட்டு இருந்தேன். மழைத்தண்ணிக்குத் தொட்டி கூடக் கட்டினேன். கல்லு எனக்குத் தோணவே இல்லையே!" என்றார். சாயக்காரர் அல்லவா, உப்புத் தண்ணீரில் சாயம் ஏறாது என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். கல்லுக்குள் உப்பு இருக்கும் என்பது அவருக்குப் புதிது. அங்கேயே, அந்த வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, "நீ நாளையிலேருந்து இங்க வந்துரு" என்றார்.

எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. செங்கல்லைத் தெரிந்ததற்காக ஒருத்திக்கு வேலை கிடைக்குமா என்ன!

முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உடைத்தேன், சலித்தேன், கழுவினேன். கரி தட்டினேன். செடிகளுக்குத் துத்தநாகத் தகட்டில் பெயர் எழுதித் தொங்கவிடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் தொட்டி வைக்கும் முறையைச் சொல்லாமல் போக முடியாது. பக்கவாட்டில் துளை போட்ட மண்தொட்டி. அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு எலுமிச்சை அளவுக் கல். அதன் மேல் நெல்லிக்காய் அளவு. மேலாகச் சுண்டைக்காய் அளவு. மூன்று பங்கு கல்லுக்கு ஒரு பங்கு புளியங்கட்டைக் கரி. தூசி ஒரு துளி இருக்கக் கூடாது. தூசி அடைத்தால் காற்று போகாது, காற்று போகாவிட்டால் வேர் அழுகும். இந்தச் செடிகள் மரத்தில் ஒட்டி வாழ்கிறவை, மண்ணைத் தின்று வாழ்கிறவை அல்ல. செடியை நடுவில் வைக்கக் கூடாது. பழைய தண்டு தொட்டி விளிம்பை ஒட்டியும், புதுக்குருத்து நடுவைப் பார்த்தும் இருக்க வேண்டும். "அது நடந்து போற செடி. முன்னால வழி விடு" என்பார் முதலாளி. குச்சி நட்டு, ஆடாமல் கட்ட வேண்டும். ஆடினால் புதுவேர் உரசி நுனி போய்விடும். கட்டிய பிறகு நாலைந்து நாள் தண்ணீர் கிடையாது. இலை மேல் பனி மாதிரித் தெளிப்பதோடு சரி.

முதலாளியின் சுபாவத்தையும் சொல்ல வேண்டும். காலையில் வந்ததும் எல்லோரும் சாம்பல் போட்டுக் கை கழுவ வேண்டும். முத்தையா புகையிலை போடுகிறவர். அவர் இரண்டு தடவை கழுவி, வாயும் கொப்பளிக்க வேண்டும். அப்புறம் முதலாளி ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கி, அடித்துளையில் மூக்கை வைத்து முகர்வார். புதுமழை மண்வாசனை வந்தால் நகர்ந்துவிடுவார். புளிச்ச வாடை அடித்தால் அந்தத் தொட்டி அன்றைக்கே பிரிக்கப்படும். செடிகளிடம் தன் வீட்டு மொழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போவார். எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் கத்த மாட்டார், மரியாதை கூடிவிடும். "வாங்க தாயே, உக்காருங்க" என்று ஆரம்பித்தால் யாரும் அவர் கண்ணில் பட மாட்டோம்.

இனி அந்தச் செடியின் கதை.

நான் சேர்ந்த மூன்றாம் வருஷமோ நான்காம் வருஷமோ, முதலாளி இரண்டு செடிகளைக் கலந்தார். ஒன்றின் பூவிலிருந்து மகரந்தத்தைக் குச்சி நுனியில் எடுத்து இன்னொன்றில் வைத்தார். பூ வாடியது, காய் பிடித்தது. பல மாதம் கழித்துக் காய் வெடித்தபோது உள்ளே இருந்தது விதை என்றே எனக்குத் தோன்றவில்லை. முகத்துக்குப் பூசும் பவுடரை விட மெல்லியது. "மூச்சு விடாத பேச்சி, பறந்துரும்!" என்று முதலாளி கிசுகிசுத்தார். அதைத் தாய்ச்செடியின் வேர் ஓடுகிற இடத்திலேயே தூவினோம். அந்த வேரைச் சுற்றித்தான் விதைக்கு உயிர் கொடுக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவர் படித்திருந்தார்.

ஒரு நாள் கல் மேல் பச்சையாக ஒரு படலம் தெரிந்தது. பாசி என்று துடைக்கப் போன முத்தையாவின் கையை நான் எட்டிப் பிடித்தேன். பாசி இல்லை, கடுகை விடச் சின்னதாகப் பச்சை உருண்டைகள். எத்தனையோ முளைத்தன. வெயிலில் சில, நத்தையில் சில, காரணம் தெரியாமல் மிச்சம் என்று எல்லாம் போய், கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. அந்த ஒன்று பூக்க ஏழு வருஷத்துக்கு மேல் ஆனது.

அது மொட்டு விட்ட வாரம் நாங்கள் மூன்று பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை முதல் பூ திறந்தது. சந்தன வெள்ளை, உள்ளே போகப் போக மஞ்சள், தொண்டையில் வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஒரு சிவப்பு. முத்தையா குதித்தே விட்டார். "மொதலாளி, இது மாதிரி வேற எங்கயும் இருக்கா?" என்று கேட்டேன்.

"எங்கயும் இல்ல. உலகத்துலயே இது ஒண்ணுதான்" என்றார். சொல்லிவிட்டு அவரே பயந்துபோனவர் மாதிரி தொட்டியைப் பந்தலின் நடுவுக்கு மாற்றி வைத்தார்.

அப்புறம் இரண்டாவது உலகச் சண்டை வந்தது. உயர்ந்த செடிகளுக்கென்று கப்பலில் ஒரு வேர்நார் வரும், ஏதோ ஒரு பெரணியின் வேராம். அது நின்றுபோனது. பெட்ரோல் இல்லாமல் பஸ்களெல்லாம் பின்னால் கரியடுப்பு கட்டிக்கொண்டு அதன் புகையில் ஓட ஆரம்பித்ததால் நல்ல கரிக்கும் அடிதடி. இருந்த நார் மக்கிப் புளிப்பு வாடை அடிக்கத் தொடங்கியது. நம் செடியையும் வளர்ந்ததும் கல்லிலிருந்து அந்த நாருக்குத்தான் மாற்றியிருந்தோம். மாற்றியாக வேண்டும். எதற்கு மாற்றுவது? கல்லுக்குத்தான்.

அந்த நேரத்தில் எனக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து தங்கிய பிள்ளை. அந்த மாதங்களில் செங்கல்லைப் பார்த்தாலே எனக்கு எடுத்துக் கடிக்க வேண்டும் போல் இருக்கும். வாயில் எச்சில் ஊறும். கல்லைத் தின்றால் பிள்ளைக்கு ஆகாது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அதனால் ஒரு கல்லைக்கூட வாயருகே கொண்டுபோவதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டிருந்தேன். புதிதாக வந்த வண்டிக் கல்லைத் தட்டிப் பார்த்தேன், கிணீரென்றது. பத்து நாள் ஊறப்போட்டுக் கழுவினேன். நாக்கில் வைக்கவில்லை. முத்தையாவிடமாவது வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கையாலேயே அந்த ஒற்றைச் செடியை அதில் வைத்துக் கட்டிவிட்டு, பிரசவத்துக்குப் பேரையூருக்குப் போனேன்.

பெண் பிறந்தாள். நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது சித்திரை வெயில். பிள்ளையைக் காட்ட வேண்டும் என்று சிரித்துக்கொண்டே பந்தலுக்குள் நுழைந்தேன். முதலாளி எழுந்திருக்கவில்லை. செடிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

இலைகள் பழுத்துச் சுருங்கி விழுந்து கிடந்தன. அடியில் தண்டு கறுத்துப் பொதபொதவென்று ஆகியிருந்தது. தொட்டியின் மேல்கல்லில் மாவு தூவின மாதிரி வெள்ளை. நான் பிள்ளையை முத்தையாவிடம் கொடுத்துவிட்டு ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. ஊறப்போட்டு உப்பை எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன், மேலுப்புத்தான் போயிருக்கிறது. ஒவ்வொரு தடவை நனைந்து காயும்போதும் உள்ளிருந்து புதிதாகக் கசிந்திருக்கிறது.

"எங்க தப்புன்னு தெரியல பேச்சி. தண்ணி மழைத்தண்ணிதான், கல்லு நீ பாத்த கல்லுதான்" என்றார் முதலாளி.

சொல்லாமல் இருந்திருக்கலாம். எல்லோரும் தண்ணீரையும் வெயிலையும் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். "தப்பு என்னுது மொதலாளி. கல்லை நான் நாக்குல வச்சுப் பாக்கல" என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். சொல்லிவிட்டு, 'வாங்க தாயே' வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

வரவில்லை. முத்தையா கையிலிருந்த பிள்ளையைப் பார்த்து, "பிள்ளை சொகமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எனக்கு அழுகை வந்தது.

முத்தையா பொறுக்கவில்லை. அவர் சிறுமலைக்காரர். "மொதலாளி, குடுங்க, நான் மலைக்குக் கொண்டு போறேன். இம்புட்டு வெயில்ல இது பிழைக்காது. அங்க பாசியில சுத்திக் கட்டிப் போட்டா எந்திரிச்சுரும்."

"அண்ணே, வேரே இல்லாத செடி எதால எந்திரிக்கும்? அழுகல் மேல ஏறிக்கிட்டு இருக்கு. நீங்க மலை ஏறுறதுக்குள்ள அதுவும் உச்சிக்கு ஏறிரும்" என்றேன்.

"அப்ப நீயே சொல்லுத்தா, என்ன செய்யலாங்கிற?"

"வெட்டணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். செடியின் பின்பக்கத்தில் இலையுதிர்ந்த பழைய தண்டுகள் நான்கு நின்றன. பார்க்கக் காய்ந்த கரும்புக்கட்டை மாதிரி இருக்கும். பூத்து ஓய்ந்தவை. ஆனால் அவற்றின் மேல்பாதி இன்னும் கெட்டியாகப் பச்சையோடு இருந்தது. கணுவுக்குக் கணு உறங்குகிற முளைக்கண் உண்டு. சாதாரணச் செடிகளில் அப்படித் துண்டு போட்டுக் கன்று எடுத்திருக்கிறோம். பத்துக்கு இரண்டோ மூன்றோ வரும். வராமலும் போகும். வெட்டிவிட்டால் செடி என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

முதலாளி கத்தியை எடுத்து விளக்கில் காய்ச்சினார். தண்டருகே கொண்டுபோனார். பிறகு பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கத்தியை என்னிடம் நீட்டினார். "என்னால முடியல, நீ செய்யி" என்றார்.

வாங்கிக்கொண்டேன். முழங்கையை விலாவோடு இறுக்கிக்கொண்டேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் திரும்பக் காய்ச்சினேன். வெட்டுவாயில் பழுப்பு தெரிந்தால் இன்னும் மேலே ஏறி வெட்டினேன், வெள்ளையாகத் தெரியும் வரைக்கும். துண்டுக்கு மூன்று கணு. வெட்டுவாயில் கரித்தூள் அப்பி, நிழலில் ஒரு நாள் உலரவிட்டேன். பதினோரு துண்டு தேறியது. உலகத்தில் ஒன்றாக இருந்தது, இப்போது ஒரு முறத்தில் பதினோரு குச்சியாகக் கிடந்தது.

அடுத்தது ஈரம். கல்லைத் தொட்டால் சுடுகிற வெயில். துண்டுகள் ஒரே நாளில் வற்றிப் போகும். தண்ணீரில் நனைத்தால் அழுகும். காற்றில் மட்டும் ஈரம் வேண்டும். வாய் அகன்ற புது மண்பானை ஒன்றை எடுத்து, பாதி வரை ஈர மணலில் புதைத்தேன். பானைக்குள் கால்வாசிக்குச் செங்கல்லும் கரியும். ஒவ்வொரு கல்லையும் நாக்கில் வைத்துத்தான் போட்டேன், நாக்கே மரத்துப்போனது. அதன் மேல் துண்டுகளைப் படுக்கவைத்தேன். முதலாளி தன் அண்ணன் வீட்டுக்கு ஓடிப்போய், சாயம் போடாத மெல்லிய வெள்ளைத் துணி வாங்கி வந்தார். அதை நனைத்துப் பானை வாயில் கட்டினோம். மணலில் தண்ணீர் ஊற்ற ஊற்றப் பானை வியர்த்தது. உள்ளே கைவிட்டால் மார்கழிக் காலை மாதிரி இருந்தது.

முத்தையா நாற்பது நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் மணலுக்குத் தண்ணீர் ஊற்றுவதை ஒரு நாளும் விட்டதில்லை.

ஒவ்வொன்றாகப் போனது. முதல் வாரத்தில் இரண்டு கறுத்தன. அப்புறம் மூன்று. மறுநாளே இன்னொன்று. ஐந்து மிச்சம். துணியை அவிழ்க்கிற ஒவ்வொரு காலையும் முதலாளி கொஞ்சம் தள்ளி நின்று, "என்ன?" என்பார். "இருக்கு" என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

ஆடி மாதம் ஒரு காலையில் துணியை அவிழ்த்தேன். ஒரு துண்டின் நடுக்கணுவில் தோல் கிழிந்து, முளைவிட்ட நெல் மாதிரி ஒரு பச்சை.

எனக்குச் சத்தம் வரவில்லை. "என்ன?" என்றார் முதலாளி. நான் கையை மட்டும் ஆட்டினேன். போய்விட்டது என்று நினைத்து அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் எனக்குக் குரல் திறந்தது. "வந்துருச்சு மொதலாளி! வந்துருச்சு!" என்று நான் கத்தியதில், மரத்தடியில் தூங்கிய என் பிள்ளை எழுந்து அழுதாள். முத்தையா பூவாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மூன்று தலைகளும் பானை வாயில் முட்டிக்கொண்டன. அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு துண்டுகள் கண் திறந்தன.

மூன்று கன்று. வேர் ஒரு விரற்கடை நீளம் வரும் வரை காத்திருந்து, தனித்தனித் தொட்டிக்கு மாற்றினேன். மூன்றும் இங்கேயே இருக்கக் கூடாது என்று முதலாளி தீர்மானித்துவிட்டார். ஒரே பந்தலில் இருந்தால் ஒரே தவறில் மூன்றும் போய்விடும். முத்தையா தன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஊரோடு போக வேண்டி வந்தபோது, முதலாளி ஒரு கன்றைத் தூக்கி அவர் கையில் வைத்தார்.

"என்ட்டயா குடுக்கீங்க?"

"மலைக்குக் கொண்டு போறேன்னு நீதானே சொன்ன. கொண்டு போ."

முத்தையா நேராக என்னிடம் வந்தார். "ஏத்தா, ஒரு சாக்கு கல்லு பாத்துக் குடு. நாக்குல வச்ச கல்லாக் குடு" என்றார்.

பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் அவரிடமிருந்து தகவல் இல்லை. எங்களிடம் இருந்த இரண்டும் தண்டு விட்டன, பூக்கவில்லை. துண்டில் வந்த கன்று தாய் மாதிரியே பூக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும், கண்ணால் காணும் வரை மனசு நிற்குமா?

ஒரு மத்தியானம், திருப்பரங்குன்றம் போகிற கரி பஸ் தோட்டத்து வாசலில் மூச்சிரைத்துக்கொண்டு நின்றது. அங்கே பஸ் நிற்கிற வழக்கம் கிடையாது. இறங்கியது முத்தையா. தலைக்கு மேலே இரண்டு கையாலும் தொட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார். சட்டையெல்லாம் வியர்வை. வளைந்து தொங்கிய காம்பில் ஏழு பூ. சந்தன வெள்ளை, மஞ்சள், அந்தச் சிவப்பு.

"ஏத்தா பேச்சி! மொதலாளி! வாங்க, வாங்க! பூத்துருச்சு!"

முதலாளி செருப்பில்லாமல் வெயிலில் ஓடினார். நானும் ஓடினேன். முத்தையா விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். திண்டுக்கல்லில் ஏறியதிலிருந்து உட்காரவில்லையாம். பஸ்ஸுக்குள் எல்லோரும் ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டார்களாம். மதுரையில் பஸ் மாறும்போது ஒரு போலீஸ்காரர் கூட்டத்தை விலக்கிவிட்டாராம். முதலாளி எதையும் காதில் வாங்கவில்லை. பூவுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டார்.

பின்னாலேயே டிரைவர் இறங்கி வந்தார், கைக்கரியைத் துடைத்துக்கொண்டு. கண்டக்டர் வந்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்து, கோயிலில் நிற்பதுபோல வரிசையில் நின்றார்கள். "இது நெசப் பூவா?" என்று ஒரு அம்மா கேட்டார். முதலாளி தொட்டியை அவர் முகத்தருகே கொண்டுபோய்க் காட்டினார். பிறகு அடுத்தவருக்கு. பிறகு அதற்கடுத்தவருக்கு. கடைசி ஆள் பார்த்து முடித்தபோது பஸ்ஸின் பின்னால் கரியடுப்பு அணைந்தே போயிருந்தது. எங்கள் தோட்டத்துப் புளியங்கட்டைக் கரியில் இரண்டு கூடை அள்ளிப் போட்டு, நாங்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றி அடுப்பை ஊதும் விசிறியின் கைப்பிடியைச் சுற்றித்தான் பஸ்ஸை வழியனுப்பினோம்.